நாலாவது தாள்

குவார்ட்டர்ஸ் பிள்ளைகளே, மூட்டுவலித் தைலமும் பேரப்பிள்ளை படமும் போட்டு அலுத்துப்போய், இப்போது குரூப்பில் ஆளுக்கொரு பழைய நினைவை எழுத வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறீர்கள். ஒருத்தி மாம்பழச் சாறு டின்னைப் பற்றி எழுதினாள். இன்னொருவர் ஸ்கூல் பஸ்ஸைப் பற்றி எழுதி எல்லாரையும் அழவைத்தார். எனக்கு அப்படித் தித்திப்பாக எழுத வராது. அரபு நாட்டில் நாம் வளர்ந்த ராஸ் அல் கைமா என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பயம். எனக்குப் பத்து வயதான அந்தக் குளிர்காலம் முழுக்க நான் பயந்துகொண்டே இருந்தேன். டைப்பிஸ்ட் மாமாவின் மகளே, உனக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மீதியை இன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நம் வீடுகளை மறந்திருக்க மாட்டீர்கள். பின்னால் மலை, முன்னால் சிமெண்ட் பேக்டரி. மத்தியானம் குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் சங்கு ஊதும். அடுத்த நிமிஷம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். கொடியில் காயும் துணியை உதறினால் சாம்பல் நிறத்தில் தூசி பறக்கும். தலையணையில், சோற்றில், பல்லில், எங்கும் அந்த மாவுத்தூசிதான். உம்மா ஒரு நாளைக்கு மூன்று தரம் வீட்டைத் துடைத்துவிட்டு, "கல்யாணம் பண்ணி வந்ததே இந்தத் தூசியத் தொடைக்கத்தான்" என்பாள்.

அந்த வருஷம் கடலில் கப்பல்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். யார் யாரை அடிக்கிறார்கள் என்று நமக்கு விளங்கவில்லை; ஈரான், ஈராக் சண்டை என்பது பிறகுதான் தெரிந்தது. பெரியவர்கள் சாயங்காலம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுவார்கள். அந்தப் பேச்சில் ஒரு சொல் அடிக்கடி வரும்: பேஸ். "அங்க பேஸ் கட்டுறானாம்", "இங்க பேஸ் கேக்குறானாம்". பேஸ் என்றால் பட்டாளத்துக்காரன் விமானத்தையும் கப்பலையும் நிறுத்தும் இடம் என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். துறைமுகத்தருகே நின்று போட்டோ எடுத்ததற்காக ஒரு வெல்டரை விசா கேன்சல் செய்து விமானம் ஏற்றிவிட்டார்கள் என்று கேம்ப் முழுக்கப் பேச்சு. அன்றைக்கே வாப்பா எங்கள் கேமராவைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

வாப்பா பேக்டரியில் ஸ்டோர் கீப்பர். ஒருபக்கம் வெறுமையாக இருக்கும் எந்தத் தாளையும் குப்பையில் போக விடமாட்டார். ஆபீசில் கழித்துப் போட்ட தாள்களைக் கொண்டுவந்து, ஓரத்தில் துளைபோட்டு நூல் கோத்து, எனக்கு ரஃப் நோட்டு கட்டிக்கொடுப்பார். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் கணக்குப் போட்டோம். அந்தக் கார்த்திகை, மார்கழி மாதங்களில் அமெரிக்க எஞ்சினியர் ஒருவர் வேலை முடிந்து ஊருக்குப் போனார். அவருடைய வில்லாவைக் காலி செய்தபோது வெளியே வைத்த அட்டைப்பெட்டியிலிருந்து வாப்பா ஒரு கட்டுத் தாள் எடுத்துவந்தார். நல்ல தடித் தாள், வெண்ணெய் நிறம். அதில் பெரும்பாலும் பைப் படங்கள், பழைய மெமோக்கள். நான்கு தாள்களில் மட்டும் டைப் அடித்த பெயர்களும் எண்களும் வரிசை வரிசையாக இருந்தன. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. எனக்கு வேண்டியது வெறும் பக்கம்.

வெறும் பக்கம் எனக்கு எதற்கு வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கதையின் விஷம். கணக்குப் பரீட்சையில் ஐம்பதுக்குப் பதினாலு வாங்கியிருந்தேன். தாளில் வாப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார் டீச்சர். வாப்பா அடிக்கமாட்டார். பேசாமல் இருந்துவிடுவார், அது அடியைவிட மோசம். அதனால் மதரசா விட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் தாள்களில் ஒன்றை உருவி எடுத்து, வாப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் பழகினேன். முதலில் கோழி கிளறின மாதிரி வந்தது. இருபது தடவைக்கு மேல் போட்டேன். கடைசியாகப் போட்டது அச்சு அசல். அதைப் பார்த்துவிட்டு பரீட்சைத் தாளில் ஒன்று போட்டேன். டீச்சர் ஏமாந்தார். பழகிய தாளைக் கிழித்துப் போட்டால் உம்மா துண்டு பொறுக்கிப் பார்ப்பாள் என்று பயந்து, என் அட்லஸுக்குப் போட்டிருந்த காக்கி அட்டைக்குள் செருகி, மடிப்பைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து டைப்பிஸ்ட் மாமா டீ குடிக்க வந்தார். திருநெல்வேலிக்காரர், பேக்டரி ஆபீசில் டைப்பிஸ்ட். நம் குவார்ட்டர்ஸில் இங்கிலீஷ் லெட்டர் யாருக்கு வந்தாலும் அவர்தான் படித்துச் சொல்வார். வெள்ளிக்கிழமை காலையில் லேபர் கேம்புக்குப் பின்னால் நடக்கும் கிரிக்கெட்டுக்கும் அவர்தான் அம்பயர். வெள்ளைத் தொப்பியும் கையுமாக வெயிலில் நின்று விரலைத் தூக்குவாரே, யார் எதிர்த்துப் பேசியிருக்கிறோம்? அன்றைக்கு மேசையில் கிடந்த ரஃப் தாள்களைச் சும்மா புரட்டியவர் ஒரு தாளில் நின்றார். டீ ஆறிப்போனது.

"பாய், இது எங்கேருந்து வந்துச்சு?"

"அந்த அமெரிக்காக்காரன் போட்டுட்டுப் போனது அண்ணாச்சி. ஏன்?"

மாமா எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். நான் ஹாலில் ஓரமாக உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை.

"இதப் பாத்தியளா? லெஃப்ட் ஆன் பேஸ், ஏழு. பேஸ்ல ஏழு பேர விட்டுட்டு வந்திருக்கான். ஸ்டோலன் பேசஸ், ரெண்டு. பேஸக் களவாண்டிருக்கான் பாய். சாக்ரிஃபைஸ், ஒண்ணு. ஒருத்தனப் பலி குடுத்திருக்கானுவ. டபுள் ப்ளே வேற. ரெட்டை வேஷம். இந்தப் பேருக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு, பாருங்க. எஸ்.எஸ்."

"எஸ்.எஸ்.னா?"

"சீக்ரெட் சர்வீஸ்."

வாப்பா சிரிக்கப் பார்த்தார். "தேதி பழைய தேதியால்ல இருக்கு அண்ணாச்சி? முப்பது வருஷத்துக்கு முந்தி போட்டிருக்கு."

"தேதிய யாரு நம்புதா? மையைப் பாருங்க. இது புது ரிப்பன்ல அடிச்சது. இருவது வருஷமா டைப் அடிக்கேன், எனக்குத் தெரியாதா? பழசு மாதிரி காட்டுததுக்கு வேணும்னே பழைய தேதி போட்டிருக்கான்."

அவர் சொன்னதில் ஒன்றே ஒன்று சரி. அது புது ரிப்பன்தான். அந்த எஞ்சினியர் ஏதோ ஒரு பழைய கணக்கை ஆசையாகத் திருப்பி டைப் அடித்து வைத்திருந்தார் என்பது யாருக்குத் தோன்றும்? பிறகு மாமா தாள்களின் மூலையைப் பார்த்தார். ஒன்று ஆஃப் நாலு. இரண்டு ஆஃப் நாலு. மூன்று ஆஃப் நாலு.

"நாலாவது தாள் எங்க பாய்?"

வாப்பாவின் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். கட்டு முழுவதையும் புரட்டினார்கள். மெத்தையைத் தூக்கினார்கள். வாப்பா என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"நீ எடுத்தியாமா? ஸ்கூலுக்குக் கொண்டு போனியா? வாப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"இல்ல வாப்பா."

என் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அந்தத் தாளைக் கொடுத்தால் பின்பக்கம் பார்ப்பார். களவாணிக் கையெழுத்துத் தெரியும். அதைவிட இன்னொன்று அந்த நிமிஷமே எனக்கு உறைத்தது. ஒற்றன் எழுதிய தாளின் முதுகில் என் வாப்பாவின் கையெழுத்து இருபது தடவை இருக்கிறது. போலீஸ் கையில் கிடைத்தால் வேறு சாட்சியே தேவையில்லை. வாப்பாவை நான்தான் மாட்டிவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

மற்ற மூன்று தாளையும் என்ன செய்தார்கள் தெரியுமா? எரித்தால் புகை வரும், கிழித்துப் போட்டால் குப்பைக்காரன் கையில் கிடைக்கும். வெள்ளிக்கிழமை எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம், வாப்பா தலைவலி என்று சொல்லி வீட்டில் நின்றார். அவர் ஜும்ஆ தவறியதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. உம்மா வாளியில் சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் தாள்களை ஊறவைத்து, ரொட்டிக்கு மாவு பிசைவது போல் பிசைந்தாள். எழுத்தெல்லாம் கரைந்து ஊதாத் தண்ணீராகப் போனது. உம்மா உதடு துஆ ஓதிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதை மூன்று உருண்டையாகப் பிடித்து மூன்று வேறு இடத்தில் புதைத்துவிட்டு வந்தார் வாப்பா.

அதற்குப் பிறகு வீட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். ஆபீஸ் வாசலில் புது வண்டி நின்றால் வாப்பா பின்வாசலால் போவார். விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல், கூப்பிட்டு அனுப்பினார் என்றதும் சட்டையை மாற்றி, உம்மாவிடம் பாஸ்போர்ட் காப்பி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போனார். கூப்பிட்டது ஒரு பேரீச்சம்பழப் பெட்டி கொடுப்பதற்காக. வாப்பா அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நீங்கள் எல்லாம் பம்பரமாக வெளியே ஆடிக்கொண்டிருந்தபோது நான் ஏன் விளையாட வரவில்லை என்று கேட்டீர்கள். நான் வீட்டில் அட்லஸுக்குக் காவல் இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு போலீஸ் ஜீப் வந்தது. நேரே நம் வரிசையில் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது. வாப்பா டூட்டியில் இருந்தார். கதவைத் தட்டியவர் இளவயதுப் போலீஸ்காரர், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அரபியில் ஏதோ சொன்னார். உம்மா கதவுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "மாஃபி, மாஃபி, கலாஸ்" என்று உளறினாள். இல்லை, முடிந்தது என்று அர்த்தம். கேட்காத கேள்விக்கே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. நான் உள்ளே ஓடி அட்லஸ் மேல் உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பாவாடை நனைந்துவிட்டது.

அவர் கேட்டது தண்ணீர். ஜீப் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. வாளியைக் கையால் காட்டிக் கேட்ட பிறகுதான் உம்மாவுக்கு விளங்கியது. தாள் பிசைந்த அதே வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள், பாதி அவர் பூட்ஸில் கொட்டியது. போகும்போது எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். அதில் விஷம் இருக்கும் என்று நான் தின்னவில்லை.

அந்த ஜீப்தான் வாப்பாவின் மனசை முறித்தது. சாயங்காலம் உம்மாவிடம் சொன்னார்.

"நீயும் புள்ளையும் ஊருக்குப் போயிருங்க. ஆறு மாசம். ஏதும் வந்தா என்னோட போகட்டும்."

"போனா மூணு பேரும் போவோம். சேந்து போயிருவோம்."

"வேலைய விட்டுட்டு அவசரமா போனா சந்தேகம் வரும் புள்ள. நெலம சரியானதும் கூப்பிட்டுக்கிறேன்."

ஏர்போர்ட்டில் என் ஸ்கூல் பையைத் திறந்தார்கள். அதிகாரி ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வெளியே வைத்தார். அட்லஸைத் தூக்கினார். தலைகீழாகப் பிடித்து உதறினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாப்பா நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் மனசுக்குள் அவர் கையில் விலங்கு மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை விடவில்லை. அட்லஸ் பைக்குள் திரும்ப வந்தது. நான் வாப்பாவைத் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டேன்.

ஆறு மாசம் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. கப்பல் சண்டை ஓய்ந்தது, வேறு சண்டை வந்தது, அதுவும் ஓய்ந்தது. உம்மா கடிதத்தில் கேட்கும்போதெல்லாம் "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றே பதில் வரும். நாலாவது தாள் எவன் கையிலோ இருக்கிறது, என்றைக்கோ வெளியே வரும் என்று அவர் காத்திருந்தார். குவார்ட்டர்ஸை விட்டு ஆறு பேர் தங்கும் ரூமுக்கு மாறினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். கடையில் தரும் பில்லைக்கூட நகக்கண் அளவுக்குக் கிழிப்பார். எனக்கு அவர் கிழிக்கும் சத்தம் கேட்டாலே உடம்பு கூசும். ஒவ்வொரு லீவிலும் இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். முதலில் வாப்பா பேசாமல் இருந்துவிடுவார் என்று பயந்தேன், பிறகு போலீஸுக்குப் பயந்தேன். வயது வந்த பிறகு பயந்ததுதான் பெரிய பயம்: "உங்களை இத்தனை வருஷம் தனியாகப் போட்டது நான்தான்" என்று எந்த வாயால் சொல்வது? வேலை முடிந்து அவர் ஊரோடு வந்த பிறகும் சொல்லவில்லை; சொல்லாமலே அவரைக் கபருக்கு அனுப்பிவிட்டேன். நான்கு வருஷம் ஆகிறது.

போன குளிர்காலம் மகனைப் பார்க்க துபாய் போயிருந்தேன். அங்கே இப்போது பேஸ்பால் ஆட ஒரு மைதானம் கட்டியிருக்கிறார்கள், ஆளைப் பார்த்தீர்களா, மணலில் பச்சைப் புல் விரித்து! பேரனுக்காகப் போனோம். "கிரிக்கெட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பி உம்மா, பாருங்க, பிடிக்கும்" என்றான் மகன். பாப்கார்ன் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே சினிமாத் திரை மாதிரி பெரிய போர்டு. அதில் எழுத்து மாறியது.

லெஃப்ட் ஆன் பேஸ், ஆறு.

சுற்றிலும் பார்த்தேன். ஆயிரம் பேர் அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டு ஐஸ்கிரீம் தின்றார்கள். மகன் தோளைப் பிடித்து அது என்ன என்று கேட்டேன்.

"அதுவா? அடிச்சிட்டு ஓடுறவன் நாலு மூலையும் சுத்திக் கெளம்புன எடத்துக்கே திரும்பி வரணும். அதுக்குப் பேரே ஹோம். அவன் நடுவுல நிக்கும்போது அந்த டீமோட முறை முடிஞ்சிருச்சுன்னா அம்புட்டுத்தான். வீடு வந்து சேரலைல்ல, அவனத்தான் அப்படி எழுதுவாங்க."

"எஸ்.எஸ்.னா?"

"ஷார்ட்ஸ்டாப். நிக்கிற எடத்தோட பேரு."

"ஸ்டோலன் பேஸ்? சாக்ரிஃபைஸ்? டபுள் ப்ளே?"

மகன் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "உம்மா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் அழுதேன். பாப்கார்ன் தொண்டையில் சிக்கிவிட்டது என்று பேரன் முதுகில் தட்டினான்.

ஊருக்கு வந்த அன்றைக்கே அட்லஸை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் அதைப் பழைய புத்தகக் கடையில் போடவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. காக்கி அட்டை பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. உள்ளே நாலாவது தாள். டைப் அடித்த பக்கத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் படித்தேன். வந்திருந்த ஜனத்தின் எண்ணிக்கை. ஆட்டம் நடந்த நேரம். கடைசி வரியில் மூன்று பெயர்கள், அவற்றுக்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை: அம்பயர்ஸ்.

டைப்பிஸ்ட் மாமாவின் மகளே, இதற்காகத்தான் கோபித்துக்கொள்ளாதே என்று உன்னிடம் சொன்னேன். உன் வாப்பா, மன்னித்துக்கொள், உன் அப்பா முட்டாள் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அந்த வார்த்தையைத் தலையில் தொப்பியாகப் போட்டுக்கொண்டு நின்ற மனுஷன். அன்றைக்கு நான் இந்தத் தாளை நீட்டியிருந்தால், கடைசி வரியைப் பார்த்த மாத்திரத்தில் தொடையைத் தட்டிச் சிரித்திருப்பார். "அட, வெளையாட்டு பாய்!" என்று கதவைத் திறந்துவிட்டு, புது டீ கேட்டிருப்பார். எல்லாரையும் காப்பாற்றும் தாள் என் அட்லஸுக்குள் இருந்தது, நான் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

உம்மாவிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, தாளைக் கொண்டுபோனேன். உம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. கட்டிலில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. டைப் அடித்த பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பினாள். பென்சில் கையெழுத்துகள் கொஞ்சம் மங்கியிருந்தன, ஆனால் அப்படியே இருந்தன.

"இது உன் வாப்பா கையெழுத்துல்ல?" என்றாள். "இத்தனை தடவ எதுக்குமா போட்டாக?"

சொல்ல வாயைத் திறந்தேன். அதே நாக்கு, அதே பயம்.

"தெரியல உம்மா. வாப்பாதான் போட்டிருக்காக."

உம்மா விரல் நுனியால் ஒவ்வொரு கையெழுத்தாகத் தடவிக்கொண்டே போனாள், முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று. நான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிக் கையெழுத்தில் விரல் நின்றது.

"இந்தக் கடசிதாண்டி," என்றாள், "அவுக போட்ட மாதிரியே இருக்கு."